பினாங்கில் மூன்றாம் நாள் காலை

தைலம் வாங்கப் போகிறேன் என்று அறையில் கூட இருக்கும் செண்பகத்திடம் சொல்லியாகிவிட்டது, அது பொய்கூட இல்லை, ஊரில் ஏழு பேர் தைலம் கேட்டிருக்கிறார்கள், ஆனாலும் பொய் சொன்னவளைப் போலத்தான் அமிர்தவல்லி விடுதியின் படிகளை ஓசையில்லாமல் இறங்கினாள். பல்துலக்கும் தூரிகையை வாயில் வைத்துக்கொண்டே, "பதினோரு மணிக்கு வண்டி, மறந்துடாதீங்க" என்று செண்பகம் பின்னாலிருந்து சொன்னது இன்னும் காதில் இருந்தது. மணி ஏழரை. மூன்றரை மணி நேரம் இருக்கிறது. சூலியா தெரு அப்போதுதான் கண்விழித்துக்கொண்டிருந்தது. இடப்பக்கம் திரும்பி நேரே நடந்தால் பதினைந்து நிமிஷத்தில் சந்தை, சந்தைக்குப் பின்னால் அந்தச் சந்து, சந்தின் முனையில் அவள். நேற்று நடந்து பார்த்தாகிவிட்டது, வழி தவற வாய்ப்பே இல்லை. ஆனால் கால் வலப்பக்கம் திரும்பியது, கடல் இருக்கும் பக்கம். சரி, கொஞ்சம் காற்று வாங்கிவிட்டுப் போகலாம், இவ்வளவு சீக்கிரம் போனால் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டாள் என்று அமிர்தவல்லி தன் காலுக்கு ஒரு காரணத்தைத் தேடிக் கொடுத்தாள். கடைகளின் முன்னால் கூரைபோட்ட நடைபாதை தூண் தூணாக நீண்டுகொண்டே போனது. ஒரு தூணில் சீன எழுத்து, அடுத்த தூணில் தமிழில் ஒரு நகைக்கடையின் பெயர், அதற்கடுத்த தூணின் அடியில் சின்னச் சிவப்புப் பெட்டிக்குள் ஒரு சாமி, சாமிக்கு முன்னால் ஆரஞ்சுப் பழமும் ஒரு கோப்பைக் காபியும். சாமிக்குக் காபி வைக்கிற ஊர் என்று நேற்றுச் செண்பகம் சிரித்தாள். அமிர்தவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. இதை அவள் முன்பே ஒரு கடிதத்தில் படித்திருந்தாள், நீல மையில், வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்தில். இங்க சாமி காபி குடிக்குது அமிர்தம், உன்னை மாதிரி. இந்த ஊரில் எதைப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது, முதல் நாளிலிருந்தே. சுற்றுலாக் குழுவின் மற்ற இருபத்தொரு பேரும், எல்லோரும் தொலைபேசி நிலையத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர்கள், புது ஊரைப் பார்க்கிறார்கள். அவள் மட்டும் ஏற்கெனவே வாசித்த ஊரைச் சரிபார்த்துக்கொண்டு நடக்கிறாள்.

முந்தாநாள் மதியம் வந்து இறங்கியதும் அவள் போனது அந்த வீட்டுக்குத்தான். அர்மீனியன் தெரு. குழுவைக் கூட்டிவந்த வைத்தியலிங்கம் சுவரோவியம் பார்க்க எல்லோரையும் அதே தெருவுக்கு அழைத்துப்போனது அவளுடைய அதிர்ஷ்டம், அல்லது இல்லை. சுவரில் வரைந்த சைக்கிளுக்கு அருகே ஆளாளுக்கு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் கதவு எண்களைப் பார்த்துக்கொண்டே நழுவினாள். பதின்மூன்று வருஷம் உறைகளின் மேல் எழுதிய எண், கண்ணை மூடிக்கொண்டு எழுத வரும், ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கதவு உண்மையாகவே இருக்கும் என்று அவள் நம்பியிருக்கவில்லை என்பது அந்தக் கதவின் முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே காபிக்கடை. குளிர்பதனம், வெள்ளைக்காரர்கள், காதில் கருவியை மாட்டிக்கொண்ட ஒரு சீனப் பெண். முன்பு இங்கே இருந்தவர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டதற்கு அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கி, தனக்குத் தெரிந்து எட்டு வருஷமாகக் கடைதான் என்றாள். உடனே திரும்பியிருக்கலாம். மாறாக, நெஞ்சில் ஒரு நிம்மதி பரவுவதைக் கண்டு அவளே திடுக்கிட்டாள். வந்தாயிற்று, தேடியாயிற்று, இல்லை, முடிந்தது. அந்த நிம்மதியோடு ஒரு மேசையில் உட்கார்ந்து காபி கொண்டுவரச் சொன்னாள். காபி வந்தது, குனிந்தாள், காலடியில் தரை. பச்சையும் அரக்குமாகப் பூப்போட்ட தரை, ஒவ்வொரு கல்லிலும் நாலு இதழ். தரையில நடக்கவே மனசு வரல அமிர்தம், பூவை மிதிக்கிற மாதிரி இருக்கு, அவருக்கு என்னைப் பார்த்தா சிரிப்பு. நிம்மதி எங்கே போனதென்று தெரியவில்லை. மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலை அந்தக் கல்லின் மேல் வைத்துக்கொண்டு காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்தாள். குளிர்ந்த கல். இதன்மேல் ரெஜினா நடந்திருக்கிறாள், துடைத்திருக்கிறாள், ஏதாவது ஒரு மத்தியானம் இதில் படுத்துத் தூங்கியிருக்கிறாள், இருவரும் இருந்த விடுதியில் வெயில் காலத்தில் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வெறுந்தரையில் படுப்பாளே அதுமாதிரி, கன்னத்தைத் தரையில் அழுத்தி, இங்க தொட்டுப் பாரேன் எவ்வளவு ஜில்லுன்னு இருக்கு என்று.

அந்த விடுதி திருச்சியில் மேலப்புதூர்ப் பக்கம், சிஸ்டர்கள் நடத்தியது. ஏழு வருஷம், ஒரே அறை, இரண்டு கட்டில், ஒரு ஜன்னல். இருவருக்கும் வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கிற வேலை. பக்கத்துப் பக்கத்து நாற்காலி. தலையில் மாட்டிய கருவி, முன்னால் பலகை நிறைய ஓட்டைகள், கையில் கயிறுகள், ஊரெல்லாம் யார் யாரோடோ பேச ஏங்குவதை இங்கே உட்கார்ந்து முடிபோட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணிக்கு வேலைநேரம் முடிந்து வெளியே வந்தால் காதுமடல் சிவந்து வலிக்கும், ரெஜினா தன் காதைப் பிடித்துக்கொண்டு அமிர்தவல்லியின் காதையும் பிடித்துவிடுவாள், நடுரோட்டில், யாராவது பார்ப்பார்கள் என்ற எண்ணமே கிடையாது அவளுக்கு. எண்ணமெல்லாம் அமிர்தவல்லிக்குத்தான். பார்ப்பார்கள், என்ன நினைப்பார்கள், நினைக்க என்ன இருக்கிறது, ஒன்றுமில்லையே, ஒன்றுமில்லாவிட்டால் ஏன் இப்படி நெஞ்சு அடித்துக்கொள்கிறது. தொண்ணூற்றொன்றில் அந்தச் சம்பந்தம் வந்தது. பினாங்கில் அச்சுக்கூடம் வைத்திருக்கிற மாப்பிள்ளை, ஆரோக்கியதாஸ் என்று பெயர், போட்டோவில் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், நல்ல மனிதராகத்தான் இருந்தார் என்று பிற்பாடு கடிதங்களும் சொல்லின. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, முக்காட்டைக்கூட எடுக்காமல் கட்டிலில் உட்கார்ந்து, "வேண்டாம்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள் ரெஜினா. அமிர்தவல்லி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எந்தத் துணி என்றுகூட ஞாபகம் இருக்கிறது, மஞ்சள் பூப்போட்ட ஜாக்கெட். கையை நிறுத்தாமல், "உன் இஷ்டம்" என்றாள். அவ்வளவுதான். வேறு என்ன சொல்லியிருக்க முடியும், என்று முப்பத்துமூன்று வருஷமாகத் தன்னையே கேட்டுக்கொள்கிறாள், ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில் கிடைக்கிறது, எல்லாமே அந்த இரண்டு வார்த்தையைவிட நல்ல பதில்கள். அவள் கேட்டது கேள்வியே இல்லை. கேள்வி என்று எடுத்துக்கொண்டது தன் கோழைத்தனம். இல்லை, அவள் வெறுமனே கேட்டாள், கல்யாணம் நிச்சயமாகிற எல்லாப் பெண்களும் கேட்பதுதான், நீதான் அதில் எதையெதையோ ஏற்றிவைத்துக்கொண்டிருக்கிறாய். பின்னே ஏன் அவள் அதற்குப் பிறகு வெகுநேரம் எழுந்திருக்காமல் முக்காடோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்? துணி மடித்து முடித்த பிறகும் மடிப்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று அமிர்தவல்லி தேடிக்கொண்டிருந்தாளே, அது ஏன்?

கடல் வந்துவிட்டது. பெரிய கடல் இல்லை, எதிரே அக்கரை தெரிகிற கடல், நடுவே மஞ்சள் வெயிலில் ஒரு படகு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஊர்ந்தது. மரக்கால்களின் மேல் நிற்கிற வீடுகளுக்கு நடுவே பலகைப் பாலம் தண்ணீருக்குள் போனது. சேற்று வாசனை, கருவாடு, ஊதுபத்தி. பலகையின் இடுக்குகள் வழியே கீழே தண்ணீர் அசைவது தெரிந்து அவளுக்குத் தலை சுற்றியது. மணி எட்டேகால். நேற்று எட்டேகாலுக்குப் பூக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். வீடு இல்லை என்று ஆன பிறகு, ஆள் இல்லை என்றே முடிவு கட்டியிருக்கவேண்டியவள், நேற்றுக் காலை தமிழ்க் கடைகள் இருக்கிற தெருவில் பூ வாங்கும்போது, வாய் தானாகக் கேட்டுவிட்டது. பூக்காரி வாழைநாரில் மல்லிகையைத் தொடுத்துக்கொண்டே, "ஊர்லேருந்து வந்தீங்களா? பசியாறிட்டீங்களா?" என்று விசாரித்தாள். பசியாறுவது என்றால் இங்கே காலை உணவு. என்ன அழகான வார்த்தை, நாம் வெறுமனே டிபன் என்கிறோம். "ரெஜினான்னு ஒருத்தங்க, அர்மீனியன் தெருவுல இருந்தாங்க, வீட்டுக்காரர் அச்சாபீஸ் வச்சிருந்தாரு" என்று அவள் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிப்பதற்குள் பூக்காரி, "யாரு, அப்பக்கார அக்காவா? அச்சாபீஸ்காரரு போயி இருபது வருசம் ஆச்சே. அக்கா காலையில சந்தைக்குப் பின்னால அப்பம் ஊத்துறாங்க. ரொம்ப ருசியா இருக்கும், சீனவங்கள்லாம் வரிசையில நிப்பாங்க. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். என்ன வேணும். அமிர்தவல்லி பூவை வாங்கிக்கொண்டு, "கூட வேலை பாத்தவ" என்றாள். அப்படிச் சொன்னதும் வாய்க்குள் ஏதோ கசந்தது.

பிறகு நேற்று ஒன்பது மணிக்கு அந்தச் சந்து. எதிர்ச்சாரியில் இறந்தவர்களுக்காக எரிக்கிற காகித வீடுகளும் காகிதச் சட்டைகளும் ஊதுபத்திகளும் விற்கிற கடை. அதன் தூணுக்குப் பின்னால் அமிர்தவல்லி நின்றாள். சின்ன வண்டி, வரிசையாக ஆறு சட்டி, கரியடுப்பு, ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு மூடி. அதன் பின்னால் பருத்த ஒரு பெண், நரைத்த முடியைக் காதளவு வெட்டிவிட்டிருந்தாள், சட்டை, முழங்காலுக்குக் கீழ்வரை பாவாடை, கழுத்தில் துண்டு. ரெஜினாவுக்குப் பின்னல் இடுப்புக்குக் கீழே இருக்கும், பின்னிவிட்டது யார். இவள் வேறு யாரோ என்று நினைக்கும்போதே அவள் மூடியைத் திறந்தாள், ஆவி முகத்தில் அடிக்க, கண்ணை ஒரு பக்கமாகச் சுருக்கி, கீழுதட்டால் மேலே ஊதி நெற்றி முடியை விலக்கினாள். அவ்வளவு போதும். அமிர்தவல்லி தூணைப் பிடித்துக்கொண்டாள். போ, பத்தடிதான், போய் நில். போய் என்ன சொல்வது. இரண்டாயிரத்து நாலில் ஒரு கடிதம் வந்ததே, அதற்கு என்ன பதில் சொல்வது. அவரு போயிட்டாரு அமிர்தம். பிள்ளைகள் இல்லை, உனக்குத் தெரியும். நீ வா. ஒரு மாசம் இரு, இல்லாட்டி எவ்வளவு நாள் முடியுமோ இரு. உன் காபி டபரா ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். அந்தக் கடிதம் வந்து அடுத்த வாரமே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டாள், போட்டோ எடுத்தாள், பாஸ்போர்ட்டும் வந்தது. அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள், உண்மைதான், ஆனால் தம்பி வீட்டில் ஒரு மாசம் விட்டிருக்கலாம், தம்பியே சொன்னான். ஆக அம்மா காரணமில்லை. போனால் திரும்பி வரமாட்டோம் என்று ஒரு மத்தியானம் மாடிப்படி ஏறும்போது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதைவிட, திரும்பி வராதது தனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று தெரிந்தது. அதுதான் பயம். நாற்பது வயதில் அவ்வளவு பெரிய சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது, யாரிடம் என்ன பெயர் சொல்லி அதைக் காட்டுவது. பதில் எழுதவில்லை. அடுத்த வாரம் எழுதலாம், பொங்கலுக்கு எழுதலாம், அம்மா காரியம் முடியட்டும், பிறகு எழுதுவதற்கே வெட்கமாகிவிட்டது, பிறகு வெட்கமும் பழகிவிட்டது. ஒருத்தி புருஷனைப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்து உன்னை வா என்று கூப்பிட்டாள், நீ வாயைத் திறக்கவில்லை. இப்போது அறுபது வயதில், சுற்றுலா வண்டியில் இறங்கி, இரண்டு அப்பம் கொடு என்று கேட்பாயா? நேற்று அரைமணி நேரம் தூணோடு தூணாக நின்றுவிட்டு, கடைக்காரக் கிழவர் ஏதோ கேட்டதும் கையில் அகப்பட்ட ஊதுபத்திக் கட்டை வாங்கிக்கொண்டு, சந்தைக்குள் புகுந்து, மீன் வாசனைக்கு நடுவே நின்று அழுதாள். மீன்காரச் சீனத்தி கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பழைய தாளை எடுத்து நீட்டினாள், முகம் துடைக்க.

எட்டே முக்கால். இனி நடந்தால்தான் உண்டு. பலகைப் பாலத்திலிருந்து திரும்பி, வந்த வழியே, பள்ளிவாசலைத் தாண்டி, விடுதியையே தாண்டி நடந்தாள். விடுதி வாசலில் வண்டி வந்து நின்றுகொண்டிருந்தது, ஓட்டுநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், அவர் பார்த்துவிடுவார் என்று தலையைக் குனிந்துகொண்டது எதற்கென்று அவளுக்கே புரியவில்லை. வெயில் ஏறிவிட்டது. புழுக்கம் திருச்சி மாதிரி இல்லை, ஈரத்துணியைப் போர்த்தியது மாதிரி. அடையாளம் தெரியாமல் போனால்? அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, அப்பத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். அடையாளம் தெரிந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டால்? அது நியாயம். அடையாளம் தெரிந்து, அடடே அமிர்தமா, எங்கே இவ்வளவு தூரம், பசியாறியாச்சா, என்று வந்து போகிறவர்களிடம் சிரிப்பதுபோலச் சிரித்தால்? அதைத்தான் தாங்க முடியாது. அப்படிச் சிரிக்கிற உரிமை அவளுக்கு உண்டு என்பதால் இன்னும் தாங்க முடியாது. தெருவைக் கடக்க நின்றபோது கைப்பேசி அடித்தது. வைத்தியலிங்கம். எடுக்கவில்லை. சந்தையின் பின்பக்கம் ஜாதிக்காய் ஊறுகாய் விற்கிற கடைகள், புளித்த இனிப்பு வாசனை, அதைத் தாண்டியதும் தேங்காய்ப்பால் கரியில் பொசுங்குகிற வாசனை. இன்று எதிர்ச்சாரிக்குப் போகக்கூடாது. போனால் அந்தத் தூண் பிடித்துக்கொள்ளும். நேரே அப்ப வண்டிக்குப் போனாள். முன்னால் மூன்று பேர், பிறகு இரண்டு, பிறகு பள்ளிச் சீருடையில் ஒரு மகளை இழுத்துக்கொண்டு நின்ற ஒரு மலாய்ப் பெண். அவளும் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். பிறகு அடுப்புக்கும் அமிர்தவல்லிக்கும் நடுவே யாருமில்லை.

"எத்தனை?" என்றாள் ரெஜினா. தலை நிமிரவில்லை. "ரெண்டு" என்றாள் அமிர்தவல்லி. கரண்டியில் மாவை மொண்டு சட்டியில் ஊற்றி, சட்டியைத் தூக்கிச் சுழற்றி, மூடி போட்டாள். அடுத்த சட்டி. கைகள் அதே கைகள்தான், புறங்கையில் மட்டும் சூடுபட்ட தழும்புகள், ஒன்று புதிது. அந்த நேரம் எவ்வளவு நேரம் என்று அமிர்தவல்லியால் பிற்பாடு சொல்லமுடியாது. ஒரு அப்பம் வேகிற நேரம். மூடியைத் திறந்து, ஓரத்தைக் கத்தியால் நெம்பி, அரைநிலாவாக மடித்துத் தாளில் வைத்து, ரெஜினா அதை நீட்டினாள். அமிர்தவல்லி பிடித்துக்கொண்ட பிறகும் அவள் பொட்டலத்தை விடவில்லை. "நேத்து ஏன் போயிட்ட?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "அந்தக் கடையில அரைமணி நேரம் நின்ன. வருவ வருவன்னு பாத்தேன். நாலு அப்பத்தைக் கருக்கிட்டேன். நிமிந்து பாத்தா ஆளைக் காணோம். சாயங்காலம் வரைக்கும், அது நீதானா, நான்தான் கெனாக் கண்டேனான்னு எனக்குப் பைத்தியமே புடிச்சிருச்சு." அமிர்தவல்லி, "கடிதத்துக்குப் பதில்..." என்று ஆரம்பித்தாள். "இப்ப அது வேணாம்" என்றாள் ரெஜினா. பிறகு, பொட்டலத்தை விட்டுவிட்டு, முதல்முறையாக நேராகப் பார்த்தாள். கண்ணைச் சுற்றிச் சுருக்கம், கண் அதே கண். "எப்பக் கெளம்பணும்?" "பதினோரு மணிக்கு வண்டி. கோலாலம்பூர் போறாங்க." ரெஜினா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், சட்டியைத் துணியால் துடைத்தாள், துடைத்த சட்டியையே மறுபடி துடைத்தாள். அந்தக் கையை அமிர்தவல்லிக்குத் தெரியும். செய்வதற்கு ஒன்றும் இல்லாதபோதும் எதையாவது செய்துகொண்டே இருக்கிற கை. அமிர்தவல்லி பொட்டலத்தை வண்டி ஓரத்தில் வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள். வைத்தியலிங்கம் இரண்டாம் மணியிலேயே எடுத்தார். "நான் வரலைங்க. என் பெட்டியைச் செண்பகத்துகிட்டச் சொல்லி வரவேற்புல வச்சுடச் சொல்லுங்க." உடம்புக்கு ஏதாவதா என்று அவர் பதறினார். "உடம்புக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்கேன்." விமானம் வியாழக்கிழமை, தெரியுமல்லவா, வந்துவிடுவீர்கள்தானே. "பாத்துட்டுச் சொல்றேங்க. நீங்க எனக்காக நிக்கவேண்டாம்." புது ஊரில் தனியாக எப்படி அம்மா, என்றார் அவர். "தனியா இல்ல, இவ கூட இருக்கேன்" என்றாள் அமிர்தவல்லி. சொன்ன பிறகுதான், யார் கூட என்று தான் சொல்லவே இல்லை என்பது உறைத்தது. அவரும் கேட்கவில்லை. கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். ரெஜினா குனிந்து வண்டிக்கடியிலிருந்து ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் முக்காலியை இழுத்து, தனக்குப் பக்கத்தில் சுவரோரம் போட்டாள். "இந்தப் பக்கம் வா. அங்க வெயில்" என்றாள். அமிர்தவல்லி பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, வண்டியைச் சுற்றிப் போய் உட்கார்ந்தாள். இங்கிருந்து பார்த்தால் எதிரே காகித வீடுகள் தொங்குகிற கடை, அந்தத் தூண், தூணுக்கு இருபுறமும் தெரு அப்பட்டமாகத் தெரிந்தது, அங்கே நின்று ஒளிந்துகொண்டதாக எப்படித்தான் நினைத்தோமோ. அடுப்பின் அனல் முழங்காலில் பட்டது. மடியில் அப்பம் சூடாக இருந்தது, பிட்டு வாயில் வைத்தாள், இனித்தது, மெதுவாக விழுங்கினாள். ரெஜினா பக்கவாட்டில் பார்த்துவிட்டு அடுப்பை நோக்கிக் குனிந்துகொண்டாள். குடை பிடித்தபடி ஒரு சீன மூதாட்டி வந்து நாலு விரலைக் காட்டினாள், வழக்கமாக வருகிறவள் போல. ரெஜினா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கைகூப்பாத குறையாக, மலாயில் ஏதோ சொன்னாள். மூதாட்டி முக்காலியில் இருந்த அமிர்தவல்லியை ஒருமுறை பார்த்தாள், தலையை ஆட்டிக்கொண்டாள், குடையைச் சாய்த்து நடந்து போனாள். "என்ன சொன்ன அவங்ககிட்ட?" என்று கேட்டாள் அமிர்தவல்லி. "இன்னிக்கு மாவு தீந்துபோச்சுன்னு சொன்னேன்" என்றாள் ரெஜினா, அடுப்பிலிருந்து கரியை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் போட்டுக்கொண்டே. அடுக்குப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு இருந்தது.